புது டரான்டுலாவுக்குத் தனிப்பெட்டி: குவாரன்டைன் சாமான்களில் எது தேறும்?

டரான்டுலா என்ற பெரிய மயிர்ச்சிலந்தி, தேள், மரவட்டை, நத்தை, கும்பிடுபூச்சி, எதை வாங்கினாலும் பழைய உயிர்கள் இருக்கும் அலமாரிக்குக் கொண்டுபோகும் முன் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. குழப்பம் எல்லாம் அதற்கென்று விற்கும் சாமான்களில்தான். காந்த மூடி போட்ட அக்ரிலிக் பெட்டி, அழுத்திய தேங்காய் நார்க்கட்டி, வேட்டை மைட் (மற்ற மைட்களைத் தின்னும் நுண்ணிய சிற்றுண்ணி) டப்பா, ஸ்பிரிங்டெயில் (பூஞ்சையைத் தின்னும் சிறு உயிரி) கல்ச்சர், மஞ்சள் ஒட்டட்டை (பசை தடவிய பூச்சிப் பொறி), பூதக்கண்ணாடி, 'மைட் விரட்டி' ஸ்பிரே என்று ஒரு மூட்டையாகவே வாங்கிவிடலாம். வாங்கியவர்கள் எல்லாவற்றையும் முதல் நாளே பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

தனிமைப்படுத்துவது முதலில் கண்டுபிடிப்பதற்காக. சிகிச்சை அதற்குப் பின்தான். உள்ளே என்ன வந்திருக்கிறது என்று தெரியும் முன்பே அதை மறைத்துவிடும் எந்தச் சாமானும், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த நேரத்தில் கெடுதலே செய்யும். இந்த மதிப்புரையில் ஒவ்வொரு சாமானையும் அந்த ஒரு அளவுகோலால்தான் பார்க்கிறோம்.

பெட்டி

காந்த மூடி அக்ரிலிக் பெட்டி பார்க்க அழகாக இருக்கும். காட்சிக்கு வைக்கலாம், குவாரன்டைனுக்கு வேண்டாம். தகடுகள் ஒட்டிய மூலைகளில் மைட் புகுந்துகொள்ளும் அளவுக்குப் பிளவு இருக்கும். அதைவிடப் பெரிய குறை, சுத்தம் செய்ய முடியாது என்பது. ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் நூல் நூலாக விரிசல் விடும். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும். கிருமிநீக்கம் தாங்காத பெட்டியில் அடுத்த உயிரை எப்படி நம்பி விடுவது?

சமையலறைக்கு வாங்கும் பாலிப்ரொப்பிலீன் டப்பா இதைவிட எவ்வளவோ மேல். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெந்நீர், ஆல்கஹால், பிளீச் எல்லாவற்றையும் தாங்கும். முக்கோணத்துக்குள் 1 என்று போட்ட பெட் (PET) பிளாஸ்டிக் டப்பா கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தாலும் வெந்நீரில் சுருங்கிவிடும். பாலிப்ரொப்பிலீனின் ஒரே குறை, சற்றே பால் பூத்ததுபோல் மங்கலாகத் தெரிவது. உள்ளே வெள்ளைத் தாள் விரித்து, மூடியைத் திறந்து மேலிருந்து பார்ப்பதுதான் முறை என்பதால் அது பெரிய தடை இல்லை. உடல் மட்டும் 5, 6 சென்டிமீட்டர் இருக்கும் டரான்டுலாவுக்கு 30×20 சென்டிமீட்டர் அடிப்பரப்பு போதும். உயரம் கூடினால் ஏறி விழுந்து வயிறு கிழியும் அபாயம்தான் கூடும். தோல் உரிக்கத் தலைகீழாகத் தொங்கவேண்டிய கும்பிடுபூச்சிக்கோ கதை வேறு: உடல் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரமும், பிடித்துத் தொங்க வலை ஒட்டிய கூரையும் இல்லாமல் முடியாது.

காற்றுத் துளைகளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சூடான கம்பியால் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு அப்படியே விட்டால் ஃபோரிட் ஈக்கு வாசல் திறந்துவிட்டதாக அர்த்தம். முதுகு கூனி, பறப்பதைவிட விட்டுவிட்டு விறுவிறுவென ஓடும் 2, 3 மில்லிமீட்டர் ஈ அது. செத்த கிரிக்கெட் பூச்சியில் முட்டையிடும். தோல் உரித்து எழ முடியாமல் கிடக்கும் உயிரையும் விடாது. துளைகளின் உட்பக்கம் 0.3 மில்லிமீட்டர் கண் கொண்ட ஸ்டீல் வலையைச் சூடான பசையால் ஒட்டிவிட்டால் ஈ நின்றுவிடும். மைட் நிற்காது. அதற்கு அகழிதான்: அகலமான தட்டில் 2 சென்டிமீட்டர் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், நடுவே கவிழ்த்த கிண்ணங்கள், அவற்றின் மேல் பெட்டி. சோப்புக் கலக்காத தண்ணீரின் மேற்பரப்பில் மைட் மிதந்து கரையேறிவிடும்; சோப்பு சேர்ந்தால் மூழ்கும். பெட்டி சுவரையோ வயரையோ தட்டின் விளிம்பையோ தொடக்கூடாது. தொட்டால் அகழி இருந்தும் இல்லாததுதான்.

தாள்

மூட்டையில் வராத பொருள் இது. ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக உதவுவது இதுதான். அடியில் சாயமோ வாசனையோ இல்லாத வெள்ளைச் சமையலறைத் தாளை இரண்டு மடிப்பாக விரியுங்கள். ஒளிந்துகொள்ள வெட்டிய அட்டைக்குழாய், ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவுதான். எச்சம், சிந்திய உணவு, ஊர்ந்து போகும் மைட், ஈயின் கூட்டுப்புழு, எல்லாம் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். மூன்று நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றும்போது முட்டைகளும் அதோடு வெளியே போய்விடும்.

தேங்காய் நார்த்தூள் போட்டால் இது எதுவும் தெரியாது. இருந்தாலும் எல்லா உயிருக்கும் தாள் ஒத்துவராது. மரவட்டைக்கு மக்கிய இலையும் மரமுமே உணவு. தாளில் வைத்தால் பட்டினிதான். மண்ணுக்குள் குழி தோண்டி வாழும் டரான்டுலா வகைகளும் 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகளும் வெறும் தாளில் ஒடுங்கிவிடும். அவற்றுக்குக் குறைந்தது 72 மணி நேரம் ஃப்ரீசரில் -18 டிகிரியில் வைத்தெடுத்த மண்ணை, உயிருக்குத் தேவையான குறைந்தபட்ச ஆழத்துக்கு மட்டும் போடுங்கள். பேரரசத் தேள் போன்ற ஈரம் தேடும் உயிருக்குத் தாளின் ஒரு மூலையில் நனைத்துப் பிழிந்த பாசி ஒரு கைப்பிடி வைத்தால் போதும்.

மைட் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு எளிய வழி: பாட்டில் மூடியில் வெள்ளரித் துண்டும் சிட்டிகை மீன் உணவும் வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் துண்டின் அடிப்பக்கத்தை லென்ஸால் பாருங்கள். வெள்ளையாக, முத்துபோல் பளபளத்து, மெதுவாக நகர்பவை தானிய மைட்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பும் மூடியின் உட்புறமும் அவை கூடும் மற்ற இடங்கள்.

வேட்டை மைட் டப்பா

மூட்டையிலேயே அதிகம் பேசப்படும் பொருள். அறிவியல் பெயர் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் ஸ்கிமிட்டஸ். முன்பு ஹைப்போஆஸ்பிஸ் மைல்ஸ் என்ற பெயரில் விற்றார்கள். சில லேபிள்களில் இன்னும் அந்தப் பெயரே இருக்கும். பசுங்குடில் செடிகளின் மண்ணில் பூஞ்சை ஈயின் புழுக்களைத் தின்ன வளர்க்கப்படுவது. தானிய மைட்டையும் அதன் முட்டையையும் தின்னும். டரான்டுலாவையோ தேளையோ ஒன்றும் செய்யாது. சுமார் 0.5 முதல் 1 மில்லிமீட்டர் நீளம், இளம்பழுப்பு நிறம், கண் தொடர முடியாத வேகம். வெள்ளையாக மெதுவாக நகர்ந்தால் பகை, பழுப்பாக ஓடினால் நட்பு என்பது ஓரளவு நம்பத்தக்க அடையாளம்.

பொருளைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எல்லாம் பயன்படுத்தும் விதத்தில்தான். முதல் நாளே கொட்டினால், வந்த உயிரோடு மைட் வந்ததா, எத்தனை வந்தது, கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் போகும். இரண்டு வாரம் பெட்டி சுத்தமாகத் தெரியும். இரை தீர்ந்ததும் வேட்டை மைட்டும் செத்துப்போகும். தப்பிய ஒன்றிரண்டு தானிய மைட் மீண்டும் பெருகும்போது அந்த உயிர் பொது அலமாரிக்குப் போயிருக்கும்.

இதைவிட முக்கியமாக, தானிய மைட் இனங்களுக்கு ஹைப்போபஸ் என்று ஒரு இடைநிலைப் பருவம் உண்டு. வாய் கிடையாது, உண்ணாது. அடிவயிற்றிலுள்ள உறிஞ்சிகளால் உயிரின் மேல் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். வறட்சிக்கும் பட்டினிக்கும் அசையாது. மண்ணில் திரியும் வேட்டை மைட், டரான்டுலாவின் கால்மூட்டில் பசைபோல ஒட்டியிருக்கும் ஹைப்போபஸைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. அது போவதற்கு நிச்சயமான வழி தோல் உரிப்பதுதான்: உரித்த தோலோடு அவையும் கழன்றுவிடும். ஆகவே தோல் உரித்த பிறகு உயிரைத் தொந்தரவு செய்யாமல், நீண்ட இடுக்கியால் தோலை மட்டும் சீக்கிரம் வெளியே எடுங்கள். மரவட்டை தன் தோலைத் தானே தின்னும். அதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

எப்போது பயன்படுத்தலாம்? தாளில் வைத்துப் பார்த்து, தானிய மைட் என்று உறுதியாகி, இரண்டு முறை பெட்டியைக் கழுவி மாற்றியும் திரும்பி வந்தால். அல்லது மரவட்டை மாதிரி மண்ணை நீக்கவே முடியாத உயிராக இருந்தால். அந்த இடத்தில் இதற்கு இணையான பொருள் வேறில்லை.

அளவு சொல்கிறேன், ஏனென்றால் டப்பா முழுவதையும் கொட்டுபவர்கள் அதிகம். லிட்டர் டப்பா 10,000 அல்லது 25,000 என்ற எண்ணிக்கையில் வரும். 25,000 என்றால் மில்லிலிட்டருக்கு 25. ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 125. பசுங்குடிலில் தொற்று கடுமையாக இருக்கும்போது சதுர மீட்டருக்கு 500 வரை விடுவார்கள். 30×20 சென்டிமீட்டர் பெட்டியின் பரப்பு 0.06 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் 30 மைட் போதும். ஒரு டீஸ்பூன் போட்டாலே நான்கு மடங்கு. அள்ளும் முன் டப்பாவைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டுங்கள். நிமிர்த்தி வைத்தால் மைட் எல்லாம் மூடிப்பக்கம் கூடிவிடும். முதல் கரண்டியில் கூட்டமும் கடைசிக் கரண்டியில் அவற்றோடு கலந்து அனுப்பும் வெறும் வெர்மிகுலைட் துகளும்தான் வரும்.

வந்தவுடன் வெள்ளைத் தாளில் சிறிது தட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஓடும் புள்ளிகள் தெரியாவிட்டால் வழியிலேயே செத்திருக்கும். சேமிக்க 10 முதல் 15 டிகிரி ஏற்றது. ஃப்ரிட்ஜின் குளிர் அதிகம். இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவதே நல்லது. ஈரமில்லாவிட்டால் இவை நிலைக்காது. ஆனால் வறண்ட நிலத்து டரான்டுலாவின் பெட்டி முழுவதையும் மைட்டுக்காக நனைக்கவேண்டாம்; ஒரு மூலையில் மட்டும் கைப்பிடி ஈரப் பாசி வைத்து அதன் மேல் தூவுங்கள். ஸ்பிரிங்டெயில் கல்ச்சரிலும் முட்டைப்பை இருக்கும் பெட்டியிலும் போடாதீர்கள். மென்மையாக, சிறிதாக அசையும் எதுவும் இதற்கு இரைதான்.

ஒரு எச்சரிக்கை. அதே தோட்டக் கடை அலமாரியில், அதே மாதிரிப் பொட்டலத்தில், நூற்புழுக்களும் விற்பனைக்கு இருக்கும். நத்தைகளை அழிக்க விற்கும் ஃபாஸ்மராப்டைட்டிஸ் உங்கள் வளர்ப்பு நத்தையையும் விடாது. பூஞ்சை ஈக்கு விற்கும் ஸ்டைனெர்னீமா பூச்சிகளின் உடலுக்குள் புகுந்து கொல்லும் வகை. இரண்டும் உயிர்ப் பெட்டிப் பக்கமே வரக்கூடாது. லேபிளில் உள்ள அறிவியல் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்து வாங்குங்கள்.

எல்லா மைட்டும் பகையும் இல்லை. ஆப்பிரிக்க ராட்சத மரவட்டையின் மேல் ஓடும் வெளிர்நிற மைட்கள் காலங்காலமாக அதனோடு வாழ்பவை. மடகாஸ்கர் சீறும் கரப்பானின் மேல் வாழும் குரோம்ஃபடோர்ஹோலேலாப்ஸ் அதன் எச்சிலையும் அழுக்கையும் தின்று வாழும். இவற்றைத் தூரிகையால் துடைத்து எடுக்கும் வேலை வேண்டாம். நத்தையின் உடலில், மூச்சுத்துளைக்கு உள்ளும் வெளியும், வெள்ளையாக விறுவிறுவென ஓடும் ரிக்கார்டோயெல்லா மட்டும் உண்மையான ஒட்டுண்ணி. நத்தையின் இரத்தத்தைக் குடிக்கும். அதற்கு எதிராக நத்தை வளர்ப்பவர்கள் இதே வேட்டை மைட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

லென்ஸும் மைக்ரோஸ்கோப்பும்

10 மடங்கு காட்டும் நல்ல கைலென்ஸ் ஒன்று அவசியம். 30, 60 என்று எழுதியிருக்கும் விலை குறைந்த லென்ஸ்களில் கண் வைக்கும் பரப்பு மிகக் குறைவு. பொருளை ஏறக்குறைய ஒட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். டரான்டுலாவின் வாய்க்கு அவ்வளவு அருகில் விரலைக் கொண்டுபோவது யாருக்கும் நல்லதல்ல. யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் '1000 மடங்கு' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். படத்தை மென்பொருளில் பெரிதாக்கிக் காட்டுவதே அதில் பெரும்பகுதி. உரித்த தோலையும் பழைய தாளையும் பார்க்க அது நன்றாகவே உதவும். ஹைப்போபஸைத் தோலின் மூட்டு மடிப்பில் பழுப்புத் தூசுபோல் அசையாமல் ஒட்டிய புள்ளிகளாகக் காணலாம்.

வாய் நூற்புழுவுக்குத்தான் உண்மையான மைக்ரோஸ்கோப் தேவைப்படும். டரான்டுலா வளர்ப்பில் இதைவிடப் பயப்படவேண்டியது ஒன்றில்லை. 2022-இல் டாரன்டோபெலஸ் ஜெஃப்டேனியெல்சி என்ற இனம் வளர்ப்பு டரான்டுலாக்களின் வாயிலிருந்து கண்டறியப்பட்டு விவரிக்கப்பட்டது. பாதித்த சிலந்தி கால் நுனியில் எம்பி எம்பி நடக்கும். வாயருகே வெள்ளைப் படலம் திரளும். பற்களை இயக்க முடியாமல் உணவை விட்டுவிடும். டரான்டுலா மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கக்கூடியது என்பதால் நோய் முற்றும்வரை யாருக்கும் சந்தேகம் வராது. தீர்க்கும் மருந்து இல்லை.

உண்ண மறுப்பது மட்டும் அடையாளமல்ல. தோல் உரிக்கும் முன் எல்லா டரான்டுலாவும் உணவை ஒதுக்கும். அப்போது வயிறு கறுத்துப் பளபளக்கும். வெள்ளைத் திரள் தெரிந்தால், நனைத்த பஞ்சுக்குச்சியை நீண்ட இடுக்கியில் பிடித்து மெல்லத் தொட்டெடுத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து 40 மடங்கில் பாருங்கள். நெளியும் நூல்கள் தெரிந்தால் உறுதி. வெறும் உணவு மிச்சம் என்றால் எதுவும் அசையாது. உறுதியானால் அந்தப் பெட்டியைத் தொட்ட எந்த இடுக்கியும் வேறு பெட்டிக்குப் போகக்கூடாது. அந்த அறைக்குள் ஃபோரிட் ஈ இருந்தால் முதலில் அதை ஒழிக்க வேண்டும், நூற்புழுவைச் சுமந்து பரப்புவதில் அந்த ஈக்குப் பங்கு இருப்பதாக வளர்ப்பவர்கள் நெடுநாளாகச் சந்தேகிக்கிறார்கள்.

மற்றவை

மஞ்சள் ஒட்டட்டை பெட்டிக்கு வெளியே மட்டும். ஈ வருகிறதா என்று காட்டும் அளவுக்கு நல்லது. உள்ளே வைத்தால் உங்கள் உயிரே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பிரிங்டெயில் பூஞ்சைக்கு எதிராக அருமையானது. குவாரன்டைன் முடிந்து நிரந்தரப் பெட்டி அமைக்கும்போது போடுங்கள். இப்போது போட்டால் ஊரும் வெள்ளைப் புள்ளி எது என்று பிரித்தறியச் சிரமம்.

'மைட் விரட்டி' ஸ்பிரே வேண்டவே வேண்டாம். பல்லி, பறவை, நாய்க்கென்று தயாரித்தவை பெர்மெத்ரின், ஃபிப்ரோனில் போன்றவற்றைக் கொண்டிருக்கும். மைட்டைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். 'இயற்கை' என்று எழுதிய வேப்பெண்ணெய், தேவதாரு எண்ணெய் வகைகளும் அப்படியே. டயட்டமேசியஸ் தூள் மேல்தோலின் மெழுகுப் படலத்தை உரசி நீரிழக்கச் செய்து கொல்லும்; அது மைட்டுக்கும் மரவட்டைக்கும் ஒன்றுதான். நாய்க்கோ பூனைக்கோ உண்ணி மருந்து தடவிய கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள்.

எத்தனை நாள்

வளர்ப்பில் பிறந்த உயிருக்கு 30 நாள். தானிய மைட், ஃபோரிட் ஈ இரண்டின் வாழ்க்கைச் சுழற்சியும் 25 டிகிரி அளவில் ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் என்பதால், முட்டையாக வந்தவையும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். காட்டில் பிடித்ததற்கு 90 நாள். அதுவும் உத்தரவாதமில்லை. அக்ரோசெரிட் ஈயின் புழு டரான்டுலாவின் உடலுக்குள் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கிலும் அசையாமல் இருந்து, கடைசியில் உள்ளேயிருந்து தின்று வெளியேறும். மெர்மிதிட் நூற்புழுவும் வெளியே வரும் நாள்வரை காட்டிக்கொடுக்காது. வளர்ப்பில் பிறந்ததை வாங்குவதே இந்த இரண்டுக்கும் ஒரே தடுப்பு.

ஐசோபாட் (மக்கிய இலை தின்னும், ஓடு போர்த்த சிறு உயிரி) வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். அந்த இனத்துக்கு இயல்பில்லாத நீலமோ ஊதாவோ பூத்திருந்தால் இரிடோவைரஸ் தொற்று. அதற்கு மருந்தில்லை. தோற்றம் அபூர்வமாக இருக்கிறதென்று கூடுதல் விலைக்கு விற்பவர்களும் உண்டு. தொட்ட மண்ணோடு அப்புறப்படுத்த வேண்டிய உயிர் அது.

தீனியாகப் போடும் கிரிக்கெட் பூச்சிகளையும் ஒரு வாரம் தனியே வைத்துக் கவனியுங்கள். பின்னங்கால் இழுத்துக்கொண்டு திடீர் திடீரென்று சாகும் கூட்டத்திலிருந்து ஒன்றைக்கூடப் போடாதீர்கள். உண்ணாமல் விட்ட தீனியை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஃபோரிட் ஈயைத் தடுக்க இதைவிடப் பலன் தருவது எதுவுமில்லை. தினமும் பழைய உயிர்களின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியில்தான் புதியதைத் திறக்க வேண்டும். திறந்தபின் அன்று வேறு பெட்டிப் பக்கம் போகவேண்டாம்.

பெட்டியைக் கழுவ: வீட்டுப் பிளீச், அதாவது 5 சதவிகித சோடியம் ஹைப்போகுளோரைட், 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. 10 நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசி, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். வாசனை சிறிதும் இருக்கக்கூடாது. வினிகரோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். மைட்டின் முட்டைக்கும் நூற்புழுவுக்கும் பிளீச்சை மட்டும் நம்பாமல் முதலில் கொதிநீர் ஊற்றுவது நல்லது. பாலிப்ரொப்பிலீன் வாங்கச் சொன்னது அதற்காகத்தான். இடுக்கியையும் தூரிகையையும் 70 சதவிகித ஆல்கஹாலில் நனைத்து உலரவிடுங்கள். பழைய தாள், மண், எச்சம் எல்லாவற்றையும் பையில் கட்டி 72 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்த பிறகே குப்பைக்குப் போகவேண்டும். நத்தை, இறால், நண்டு வைத்திருந்த தண்ணீரைக் கொதிக்கவைத்த பின்பே கொட்டுங்கள். குளத்திலோ வடிகாலிலோ நேரடியாக ஊற்றக்கூடாது. காட்டு நத்தையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயருகே கொண்டுபோகாதீர்கள், எலி நுரையீரல் புழு மனிதருக்கும் தொற்றும்.